ஓய்வூதியத்தோடு யாழ்ப்பாணம் திரும்புதல்: வருமான வீசாவா, இரட்டைப் பிரஜாவுரிமையா?

ஐயா, பதில் நீளமானது என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். நீங்கள் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்தவர், வயது 66, இப்போது பிரித்தானியப் பிரஜை. உங்கள் மனைவி திருச்சியில் பிறந்தவர், வயது 63, அவரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டே இருக்கிறது. உங்களுக்குப் பிரித்தானிய அரச ஓய்வூதியம் முழுமையாக வருகிறது. வேலை செய்த இடத்திலிருந்தும் சிறிய ஓய்வூதியம் ஒன்று உண்டு. லண்டன் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, காலமாகிவிட்ட தாயாரின் பெயரில் இன்னமும் இருக்கும் கோண்டாவில் வீட்டுக்கு வந்து குடியேற எண்ணுகிறீர்கள். அந்த வீட்டில் ரொறன்ரோவிலுள்ள தம்பிக்கும் சூரிச்சிலுள்ள தங்கைக்கும் பங்கு உண்டு. அவர்களுடைய பங்கை விலைக்கு வாங்கும் எண்ணமும் உங்களுக்கு இருக்கிறது. இதற்கெல்லாம் 'மை ட்ரீம் ஹோம்' எனப்படும் இலங்கையின் வருமான வீசா சரியான வழியா, உங்கள் வருமானம் அதற்குக் காணுமா, பிள்ளைகள் சொல்வதுபோலப் போர்த்துக்கலுக்குப் போவது மேலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வீசாவுக்கு வயதால் நீங்கள் தகுதியுடையவர். வாடகையையும் சேர்த்தால் வருமானத்தாலும் தகுதி பெறலாம். ஆனாலும் அது உங்களுக்கு உரிய வழியன்று. நீங்கள் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மனைவி இலங்கைப் பிரஜையின் வாழ்க்கைத்துணை என்ற வகையில் வதிவிட வீசா பெற வேண்டும். வருமான வீசாவை மனைவிக்கான ஒரு காப்பாகக் கைவசம் வைத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வங்கியொன்றின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற வகையில், திரும்பி வருகின்றவர்கள் பணத்தைப் பற்றி மிகக் கவனமாகவும் தங்கள் சட்ட நிலையைப் பற்றி மிக அசட்டையாகவும் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே காரணங்களைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

ஓய்வூதியம், வாடகை, வட்டி, பங்குலாபம் போன்று, போகும் நாட்டில் வேலை செய்யாமலே வந்துகொண்டிருக்கும் வருமானத்தைக் காட்டி வதிவிட உரிமை பெறும் வீசாக்கள் பல நாடுகளில் இருக்கின்றன. தாய்லாந்தின் ஓய்வுகால வீசாவுக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும். அதோடு வங்கியில் 800,000 பாத் வைப்பையோ மாதம் 65,000 பாத் வருமானத்தையோ காட்டவேண்டும். ஸ்பெயின் தனியொருவரிடம் மாதம் 2,400 யூரோ கேட்கிறது. அந்த வீசாவில் இருந்துகொண்டு எந்தத் தொழிலும் செய்ய முடியாது. போர்த்துக்கலின் டி7 வீசா அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தையே அளவுகோலாகக் கொண்டது. 2025 இல் அது மாதம் 870 யூரோ, கணவனோ மனைவியோ கூட வந்தால் அதன் அரைவாசி மேலதிகம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதியை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்: வருமானம் விண்ணப்பதாரரின் சொந்த வருமானமாக, தொடர்ந்து வரும் என்று ஆவணத்தால் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும். மகன் மாதாமாதம் அனுப்பும் பணம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது மகனுடைய அன்பேயன்றித் தகப்பனின் வருமானமாகாது.

இலங்கையின் 'மை ட்ரீம் ஹோம்' வீசாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கு உரியது. இலங்கை வங்கியொன்றில் 15,000 அமெரிக்க டொலர் நிலையான வைப்பு இருக்கவேண்டும். அதற்கு மேலாக விண்ணப்பதாரருக்கென மாதம் 1,500 டொலரும், அவரில் தங்கியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் 750 டொலரும் வெளிநாட்டிலிருந்து வந்து சேரவேண்டும். வீசா இரண்டு ஆண்டுகளுக்குத் தரப்பட்டுப் பின்னர் புதுப்பிக்கப்படும். உங்கள் இருவருக்கும் மாதம் 2,250 டொலர். டொலரை ஏறத்தாழ 300 ரூபாய் என்று கொண்டாலும் இது ஆறே முக்கால் இலட்சம் ரூபாய். கோண்டாவிலில் சொந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேர் இதில் பாதியைச் செலவழிக்கவே சிரமப்படுவார்கள். பணத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்வதில்லை, உங்கள் கணக்கில்தான் இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் தேவை இருக்கிறதோ இல்லையோ மாதம் தவறாமல் அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதும், புதுப்பிக்கும்போது வங்கிக் கூற்று அதைக் காட்டவேண்டும் என்பதும் எழுபதைக் கடந்த பிறகு ஒரு பாரம்.

இனி உங்கள் அரச ஓய்வூதியத்தைப் பாருங்கள். 2025–26 நிதியாண்டில் புதிய முறைப்படியான முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 230.25 பவுண். ஆண்டுக்கு 11,973 பவுண். மாதம் ஆயிரம் பவுணுக்குச் சற்றுக் குறைவு. இதை யூரோவாக்கினால் போர்த்துக்கல் 2025 இல் தனியொருவரிடம் கேட்ட 870 யூரோவை எளிதாகத் தாண்டும். டொலராக்கினால் இலங்கை கேட்கும் 1,500 ஐத் தொடாது. கோண்டாவிலில் பிறந்த ஒருவரின் ஓய்வூதியம் லிஸ்பனில் குடியிருக்கப் போதும், கோண்டாவிலில் குடியிருக்கப் போதாது என்பதுதான் இந்தக் கணக்கின் முடிவு. உங்களிடம் வேலையிட ஓய்வூதியமும் வாடகையும் இருப்பதால் 2,250 டொலரை எட்டலாம். ஆனால் வாடகைக்காரர் இல்லாத மாதங்களும், கூரை திருத்தும் மாதங்களும் வரும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. திரும்பி வருவோரில் மிகப் பலர் இதை அறியாமலே விமானம் ஏறுகிறார்கள். பிரித்தானிய அரச ஓய்வூதியத்தை உலகில் எங்கிருந்தும் பெறலாம். ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் செய்யப்படும் உயர்வு பிரித்தானியாவிலும், ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளிலும், சுவிற்சர்லாந்திலும், இது தொடர்பான உடன்பாடு உள்ள வேறு சில நாடுகளிலும் வசிப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவும் கனடாவும்கூட இல்லை. நீங்கள் யாழ்ப்பாணத்தில் நிரந்தரமாகக் குடியேறும் நாளில் என்ன தொகையோ, அதே தொகைதான் நீங்கள் இங்கு வசிக்கும் காலம் முழுவதும். புதிய ஓய்வூதிய முறை 2016 ஏப்ரலில் தொடங்கியபோது முழுத்தொகை வாரத்துக்கு 155.65 பவுணாக இருந்தது. அந்த ஆண்டில் முழு ஓய்வூதியத்துடன் இங்கு வந்து குடியேறியவர் இன்றும் அதே 155.65 பவுணைத்தான் பெறுகிறார். லண்டனில் தங்கிவிட்ட அவருடைய நண்பருக்கு 2025–26 இல் 230.25 பவுண் கிடைத்தது. மறுபடி பிரித்தானியாவுக்குப் போய் வாழத் தொடங்கினால் தொகை அன்றைய அளவுக்கு உயரும் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆக, உறைந்துபோன ஓய்வூதியத்தைக் கொண்டு டொலரில் நிர்ணயிக்கப்பட்ட ஒரு வாசலை இரண்டு ஆண்டுக்கொரு தடவை கடக்க வேண்டியிருக்கிறது. பவுண் டொலருக்கு எதிராகச் சரிந்தாலும், அரசாங்கம் 1,500 என்ற தொகையை உயர்த்தினாலும், பாதிப்பு உங்களுக்கே.

பிள்ளைகள் போர்த்துக்கல் என்று சொல்வதில் ஒரு நியாயம் இங்கேதான் இருக்கிறது. அங்கே குடியேறினால் ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும். அரச ஓய்வூதியம் பெறுபவர் எஸ்1 என்ற படிவத்தைப் பதிவு செய்து அந்நாட்டுப் பொது வைத்தியசேவையைப் பிரித்தானியாவின் செலவில் பெறலாம். இலங்கைக்கு அப்படி ஒரு படிவம் இல்லை. ஆனால் போர்த்துக்கலின் சலுகைகள் பற்றிப் பழைய கட்டுரைகளில் வாசித்ததை நம்பவேண்டாம்: வெளிநாட்டு ஓய்வூதியத்துக்குக் குறைந்த வரி என்று பெயர்பெற்றிருந்த பழைய திட்டம் 2024 உடன் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. வதிவிட அனுமதி இருக்கும் காலத்தில் தொடர்ச்சியாக ஆறு மாதம், அல்லது விட்டுவிட்டு மொத்தம் எட்டு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அனுமதி ஆபத்துக்கு உள்ளாகும் என்பதால், பாதி ஆண்டு யாழ்ப்பாணம், பாதி ஆண்டு லிஸ்பன் என்ற திட்டமும் நடக்காது. உறவோ மொழியோ இல்லாத ஊரில் எழுபது வயதில் புதிதாகத் தொடங்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் கிணற்றடி மாமரத்தைப் பற்றி இரண்டு தடவை எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்கள் அவர்களில் ஒருவராகத் தெரியவில்லை.

வருமான வீசா உங்களுக்கு உதவாது என்று சொல்வதற்குப் பெரிய காரணம் காணி. அந்த வீசா உங்களை இங்கே இருக்க விடுமேயன்றி வெளிநாட்டவர் என்ற நிலையை மாற்றாது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமையை மாற்றுவதைத் தடைசெய்கிறது. தடையை மீறி எழுதப்படும் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) சட்டத்தின் முன் செல்லாது. விலக்குகள் சில உண்டு. தொடர்மாடியிலுள்ள கூட்டு ஆதன வீடு ஒன்றை முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வாங்கலாம். கோண்டாவிலில் அதைத் தேடிப் பயனில்லை. 99 ஆண்டுவரை குத்தகைக்கு எடுக்கலாம். உரித்துவழியாக நெருங்கிய உறவினருக்குச் சேரும் காணிக்கு விலக்கு உண்டு. ஆகவே தாயாரிடமிருந்து உங்களுக்கு வரும் மூன்றில் ஒரு பங்கில் சிக்கல் இல்லை. ஆனால் தம்பியின் பங்கையும் தங்கையின் பங்கையும் விலை கொடுத்து வாங்குவது உரித்து அன்று, கொள்வனவு. வருமான வீசாவோடு வந்திருக்கும் பிரித்தானியப் பிரஜையாக அதை நீங்கள் செய்ய முடியாது.

இதில் ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமையின்படி, பங்குடைய காணியொன்றை விற்க விரும்புகிறவர் முதலில் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவிக்க வேண்டும். முதலில் வாங்கும் உரிமை அவர்களுடையது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதை ஒழுங்குசெய்கிறது. அதாவது தம்பி தன் பங்கை விற்பதென்றால் ஊர்வழமை முதலில் உங்களைக் கேட்கச் சொல்கிறது. நாட்டின் சட்டமோ நீங்கள் வெளிநாட்டவர், வாங்கக்கூடாது என்கிறது. இடைத்தரகர்கள் இதற்குக் காட்டும் வழி, நம்பிக்கையான உறவினர் ஒருவரின் பெயரில் வாங்கி வைப்பது. அந்த வழியில் போய் நீதிமன்ற வாசலில் நிற்பவர்களின் தொகை யாழ்ப்பாணத்தில் குறைவில்லை.

இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றவரை 2014 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆகவே உங்களுடைய வீசாக் கேள்விக்கும் காணிக் கேள்விக்கும் அது ஒன்றே விடை. இலங்கைப் பிரஜாவுரிமை தங்களிடம் இன்னும் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய தேசிய அடையாள அட்டை பெட்டியில் இருப்பது அந்த மயக்கத்தை வளர்க்கிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 20 ஆம் பிரிவின்படி, தாமாக விரும்பி வேறு நாட்டுப் பிரஜையாகும் வேளையிலேயே இலங்கைப் பிரஜாவுரிமை முடிந்துவிடுகிறது. எவரும் கடிதம் அனுப்பி அறிவிப்பதில்லை. இழந்ததை மீளப் பெறும் வழி 19 ஆம் பிரிவில் இருக்கிறது. இப்போதுள்ள இரட்டைப் பிரஜாவுரிமை ஏற்பாடு 1987 ஆம் ஆண்டின் திருத்தத்தோடு வந்தது. விண்ணப்பிக்கும் வகைகளில் 55 வயதைக் கடந்தவர் என்பதே ஒரு வகை. சொத்து, கல்வித்தகைமை, வைப்புப்பணம் என்று வேறு வகைகளும் உண்டு என்றாலும், உங்கள் வயதே உங்களுக்குப் போதும். விண்ணப்பத்தை லண்டனிலுள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயம் மூலமாகவோ பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ கொடுக்கலாம். கட்டணம் சிறிதன்று, ஆனால் ஒருமுறை கட்டுவது, இரண்டு ஆண்டுக்கொரு தடவை அல்ல.

ஆவணங்களில் உங்களைத் தாமதப்படுத்தக்கூடியது பெயர். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் ஒரு பக்கமும் தகப்பனார் பெயர் இன்னொரு பக்கமும் இருக்க, பிரித்தானியக் கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் குடும்பப்பெயராகி, எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசியை முதலிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி, பழைய இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தால் அதன் பிரதி, பிரித்தானியப் பிரஜாவுரிமைச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பொலிஸ் நற்சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். பிரஜாவுரிமை கிடைத்தபின் இலங்கைக் கடவுச்சீட்டுக்காகக் கொழும்புக்குப் போகவேண்டிய அவசியமில்லை. 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டிருக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது. 2022 ஆம் ஆண்டின் 21 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அந்தத் தடையை மீளக் கொண்டுவந்தது. தேர்தலில் நிற்கும் எண்ணம் உங்களுக்கு இல்லையென்றே எடுத்துக்கொள்கிறேன்.

விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2011 இல் இந்த ஏற்பாடு நிறுத்தி வைக்கப்பட்டு 2015 இல்தான் மீண்டும் தொடங்கியது. அமைச்சரின் தற்றுணிபில் தங்கியிருக்கும் ஓர் உரிமை திறந்திருக்கும்போதே பெற்றுக்கொள்ளப்பட வேண்டியது. பிரித்தானியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை. எல்லா நாட்டவருக்கும் இது பொருந்தாது: நோர்வே 2020 சனவரியிலிருந்தும் ஜேர்மனி 2024 யூன் 27 இலிருந்தும்தான் அனுமதிக்கின்றன, சிங்கப்பூரும் மலேசியாவும் இன்றும் அனுமதிப்பதில்லை. அந்த நாடுகளின் பிரஜைகளாகிவிட்ட நம்மவர்களுக்கு வருமான வீசா உண்மையிலேயே பயனுள்ளது.

உங்கள் மனைவியின் நிலை வேறு. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது என்பதால் இதைக் கூடுதலாக எழுதுகிறேன். அவர் ஒருகாலத்திலும் இலங்கைப் பிரஜையாக இருந்ததில்லை என்பதால் 19 ஆம் பிரிவு அவருக்கு உதவாது. நீங்கள் பிரஜையான பின்னர் உங்கள் மனைவி என்ற உறவின் பேரில் அவர் வதிவிட வீசா பெறலாம். அதற்கு மாதாந்த டொலர் நிபந்தனை இல்லை. ஆனால் அந்த வீசா உங்கள் மீது தங்கியிருப்பது. உங்களுக்குப் பின்னும் அவர் கோண்டாவிலில் தொடர்ந்து இருக்க விரும்பினால், எவரையும் சாராத ஓர் உரிமை அவருக்கு இருப்பது நல்லது. 63 வயதான அவர் 'மை ட்ரீம் ஹோம்' வீசாவுக்கு வயதால் தகுதியுடையவர். குறைவது அவர் பெயரிலான வருமானம். அவருடைய அரச ஓய்வூதியம் 67 வயதில்தான் தொடங்கும்; அது முழுத்தொகையாக இருந்தாலும் 1,500 டொலருக்குப் போதாது. ஆகவே லண்டன் வீடு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் அதைப் புறப்படுவதற்கு முன்பே இருவர் பெயருக்கும் மாற்றி, வாடகை ஒப்பந்தத்தையும் இருவர் பெயரில் எழுதி, வாடகையின் பாதி அவருடைய கணக்கில் விழும்படி செய்யுங்கள். வீட்டில் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். காலஞ்சென்ற கணவரின் வருமானத்தைக் காட்டி எந்த நாடும் வீசா தராது.

கோண்டாவில் வீடும் இதேபோலத்தான். தாயாரின் ஆதனத்துக்கு நிருவாக வழக்கு (காலமானவரின் சொத்தை உரித்தாளிகளுக்குச் சேர்ப்பிக்கும் நீதிமன்ற வழக்கு) முடிக்காமல், பங்கு பிரிக்காமல் விட்டுவிட்டால், பிறகு உங்கள் பங்கை உங்கள் மனைவியோ பிள்ளைகளோ எடுக்கும்போது ஒரு வழக்கு இரண்டாகும். நொத்தாரிசு ஒருவரிடம் போகும்போது 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தேசவழமையையும் சேர்த்து அறிந்தவரைத் தேடுங்கள். ஒன்றை மட்டும் அறிந்தவர்கள்தான் அதிகம். தம்பி தங்கையின் கையொப்பத்துக்கான அற்றோணித் தத்துவங்களை (அவர்கள் சார்பில் கையொப்பமிட அதிகாரம் தரும் பத்திரங்களை) ரொறன்ரோவிலும் ஜெனீவாவிலும் உள்ள இலங்கைத் தூதரகப் பணிமனைகள் ஊடாக உறுதிப்படுத்தலாம்.

பணத்தைப் பற்றிச் சில குறிப்புகள். பிரித்தானியாவை விட்டு வந்த பின் வீட்டு உரிமையாளர் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்தால், வாடகை முகவர் 20 வீத வரியைக் கழித்துவிட்டே பணம் அனுப்பவேண்டும். முன்கூட்டியே அந்நாட்டு வரித் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து முழு வாடகையையும் பெற்று, பிறகு வரி விபரம் சமர்ப்பிக்கலாம். பிரித்தானியப் பிரஜை என்பதால் 12,570 பவுண் வரிவிலக்கு வெளிநாட்டில் இருந்தாலும் உங்களுக்கு உண்டு. இங்கே, ஏப்ரல் முதல் மார்ச் வரையான வரியாண்டில் 183 நாட்களோ அதற்கு மேலோ தங்கினால் நீங்கள் வரி நோக்கில் இலங்கை வதிவாளர். வெளிநாட்டு வருமானமும் கணக்கில் வரும். தனியாள் நிவாரணம் 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். இரு நாடுகளுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை இருக்கிறது; எந்த வருமானம் எங்கே வரிக்கு உட்படும் என்பதை வரும் திகதியைத் தீர்மானிக்கும் முன் கணக்காளர் ஒருவரிடம் கேளுங்கள். சேமிப்பு முழுவதையும் ரூபாயாக மாற்றிவிட வேண்டாம். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. சில வாரங்களில் 350 ஐத் தாண்டியது. வட்டி அதிகம் என்று அதற்கு முன் மாற்றியவர்களின் முகங்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

தம்பியும் தங்கையும் உங்களைப் பின்பற்ற எண்ணுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு உங்கள் கணக்கு பொருந்தாது. கனடாவின் முதியோர் ஓய்வூதியம் 18 வயதுக்குப் பின் அந்நாட்டில் குறைந்தது 20 ஆண்டுகள் வசித்தவருக்கு மட்டுமே வெளிநாட்டில் தொடர்ந்து கிடைக்கும். அது உறைந்துபோவதில்லை, ஆனால் குறைந்த வருமானம் உள்ளோருக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். ஒன்ராறியோவின் வைத்தியக் காப்புறுதியைத் தக்கவைக்க 12 மாதத்தில் 153 நாட்களாவது அங்கே இருக்கவேண்டும்.

தங்கையின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் இன்னமும் இலங்கைக் கடவுச்சீட்டோடு சுவிஸ் வதிவிட அனுமதியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு யாழ்ப்பாணம் வர வீசாவும் வேண்டாம், காணி வாங்கத் தடையும் இல்லை. ஆனால் சுவிற்சர்லாந்துக்கும் இலங்கைக்கும் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை இல்லாததால், சுவிஸ் பிரஜையல்லாத இலங்கையர் நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறினால் முதியோர் காப்புறுதி ஓய்வூதியம் இங்கே அனுப்பப்படுவதில்லை. கட்டிய பணத்தை வட்டியின்றித் திருப்பிக் கேட்கலாம், அவ்வளவே. சுவிஸ் பிரஜையாகிவிட்டால் அதே ஓய்வூதியம் உலகில் எங்கும் கிடைக்கும். அந்த நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே அவர் புறப்படுவதற்கு முன் சுவிஸ் பிரஜாவுரிமை பெற்று, இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்க 19 ஆம் பிரிவின் கீழ் உரிய நேரத்தில் விண்ணப்பிப்பதே சரியான ஒழுங்கு. அவசரப்பட்டு முதலில் இங்கே வந்துவிட்டால் இழப்பது ஓய்வூதியம் முழுவதையும்.

வைத்திய விடயத்தில், நீங்கள் நிரந்தரமாக வெளியேறினால் பிரித்தானியாவின் இலவச வைத்தியசேவை உரிமை முடிவடையும். மீண்டும் குடியேறத் திரும்பினால் அது உடனே கிடைக்கும். இங்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை இருக்கிறது. தனியார் வைத்தியசாலைகளும் உண்டு. சில சிறப்புச் சிகிச்சைகளுக்குக் கொழும்புக்குப் போகவேண்டி வரும். உங்களில் எவருக்காவது ஏற்கனவே இருதய நோயோ சிறுநீரகக் குறைபாடோ இருந்தால், எழுபதுக்குப் பின் புதிய காப்புறுதி எடுப்பது கடினம் என்பதால் அதற்கான ஒரு தொகையைப் பவுணிலேயே தனியாக வைத்திருங்கள்.

லண்டன் வீட்டை விற்கவேண்டாம். முதல் ஆண்டில் நீண்டகால வாடகை ஒப்பந்தத்துக்கும் போகவேண்டாம். பிரஜாவுரிமை விண்ணப்பத்தை லண்டனில் கொடுத்துவிட்டு, சாதாரண வருகை வீசாவில் இருவரும் வந்து சில மாதங்கள் அந்த வீட்டிலேயே இருந்து பாருங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்போது ஊர் முழுவதும் உங்களைப் போன்றவர்களால் நிறைந்திருக்கும், எல்லாம் நன்றாகத் தெரியும். சித்திரை வைகாசி வெயிலிலோ கார்த்திகை மழையிலோ வாருங்கள். குறுகிய காலம் வந்து போவதால் ஓய்வூதியம் உறையாது. நிரந்தரமாகக் குடியேறும் திகதியிலிருந்துதான் உறையும். ஏப்ரல் உயர்வு உங்கள் தொகையில் சேர்ந்த பிறகு அந்தத் திகதியை வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டின் உயர்வாவது கையில் இருக்கும்.